வாலைப் பிடித்து இழுத்தவன்

"ஏய்... வாலை விடுங்க!"

அவள் லாயத்துக்குள் ஓடினாள். மழைக்கு ஒதுங்கிய யாரோ ஒருவன், லாயக்காரர் நடத்திக்கொண்டு போன அவளுடைய செவலைக் குதிரையின் பின்னாலேயே போய், வாலைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டிருந்தான்!

"பயப்படாதீங்க, நான் குதிரை டாக்டர். வழியில வண்டி நின்னுபோச்சு. இது தள்ளாடி நடக்கிறதைப் பார்த்ததும் கை சும்மா இருக்கல..."

"வாலைப் பிடிச்சு இழுக்கிறதுதான் வைத்தியமோ?"

"நரம்புல கோளாறுன்னா இழுத்த பக்கம் சாயும். இது என்னையே இழுத்துட்டுப் போகுதே!"

நனைந்த முடி நெற்றியில் ஒட்ட, அவன் சிரித்தான். அந்தக் கண்கள்... மழை விட்டதும் வரும் வெயிலைப் போல... சீ, என்ன நினைப்பு இது!

"முன்னாடி பார்த்த டாக்டர் நரம்பு போச்சுன்னு சொல்லிட்டாரு. நாளைக்கு ஊசி போட்டு... முடிச்சிடப் போறாரு எங்கப்பா." அவள் குதிரையின் பிடரியைத் தடவினாள்.

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. குதிரையின் பின்தொடையை அழுத்தினான். கட்டையாக இறுகிக் கிடந்த தசை துடித்தது. குதிரை வலியில் விலகியது.

"நரம்பு இல்லைங்க, தசை! ரத்தம் எடுத்துச் சோதிச்சா உறுதியாயிடும். உங்கப்பா எங்க?"

மறுநாள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அவன் சொன்னதேதான். அப்பா ஊசிப் பேச்சை விட்டார். அவள் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"ஆமா, இதுக்கு இவ்வளவு தானியம் போடுறது யாரு? இதோட தசைக்கு அது ஆகாது. கெடுத்ததே அதுதான்," என்றான் அவன்.

யாரு? அவள்தான்! பாசத்தில், அப்பாவுக்குத் தெரியாமல் அள்ளி அள்ளிப் போட்டவள். அதை அப்பா முன்னாலேயா போட்டு உடைப்பது? முகம் பற்றி எரிந்தது. அதோடு அவனிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினாள்.

அவன் அடிக்கடி வந்தான். குதிரையின் தொடையைத் தடவிப் பார்த்தான், நடக்க விட்டுப் பார்த்தான். அவளோ கயிற்றைப் பிடித்தபடி சுவரைப் பார்த்தாள்.

"சுவர் ரொம்ப அழகோ?"

"உங்களைவிட எவ்வளவோ மேல்!"

தானியம் போய் வெறும் புல் வந்தது. தினமும் நிதானமாக நடை. மெல்ல மெல்லத் தசை இளகியது. ஒருநாள் மைதானத்தில் குதிரை பாய்ந்து ஓடியதே... அவள் துள்ளிக் குதித்தாள்.

"இனி வர வேண்டாம்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்மா," என்றார் அப்பா.

மகிழ வேண்டியவளுக்கு நெஞ்சு திக்கென்றது. இனி... வரவே மாட்டானா?

விடிந்ததும் சேணம் பூட்டினாள். அவனுடைய கால்நடை மருத்துவமனை வாசலில் குளம்புச் சத்தம் கேட்டு அவன் பதறி ஓடிவந்தான்.

"என்னாச்சு? மறுபடியும் இறுகிடுச்சா?"

"அது நல்லா இருக்கு. அதனால நீங்க வர மாட்டீங்களே... நானே வந்துட்டேன்." அவள் தலை குனிந்தாள். "கோபம் உங்க மேல இல்லைங்க... என் மேலதான்."

அவன் காது மடல்கள் சிவந்தன.

"நானும் ஒண்ணு சொல்லிடறேன். இத்தனை தடவை வர வேண்டிய அவசியமே இல்ல... உங்களைப் பார்க்கத்தான் வந்தேன். உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவள் சேணத்திலிருந்து குதித்து இறங்கினாள்.

"எனக்கும்தான்! இதை எங்கப்பாகிட்ட வந்து சொல்வீங்களா?"

"இப்பவே வரட்டுமா?"