லாரி எங்க கீது?

பந்து எந்தப் பக்கமிருந்து வந்தாலும் செங்கொடி பிடித்துவிடுவாள். தண்ணீர் லாரி எப்போது வரும் என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

காலடிப்பேட்டை அடுக்குமாடிக் குடியிருப்பில் யாருக்குமே அது தெரியாது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் வண்டிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் ரயில் மாதிரி வரிசைகட்டி நிற்கும். அவற்றுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும் தண்ணீர் லாரி காலை ஆறரைக்கும் வரலாம், எட்டரைக்கும் வரலாம்.

செங்கொடியின் அம்மா கெங்கம்மாவுக்குத் துறைமுக கேன்டீனில் வேலை. பெரும்பாலும் ஆறு மணிக்கே கிளம்பிவிடுவார். அப்புறம் குடங்களுக்குக் காவல் செங்கொடிதான். பள்ளியில் எறிபந்துப் பயிற்சியோ ஏழு மணிக்கு. இந்த மாதம் மட்டும் ஒன்பது நாள் அவள் போகவில்லை.

விளையாட்டு ஆசிரியை ஞானபாக்கியம் மிஸ் முடிவாகச் சொல்லிவிட்டார். அணியின் பெயர்ப்பட்டியலை அடுத்த வாரம் திங்கட்கிழமை அனுப்பப் போகிறார். அன்று காலை ஏழு மணிக்கு மைதானத்தில் இல்லாதவர் பெயர் அதில் இருக்காது.

அதனால்தான் மாயா அக்காவின் பெட்டியைச் செங்கொடி அவ்வளவு நம்பியிருந்தாள்.

மாயா அதே குடியிருப்பில் வளர்ந்து பொறியியல் படித்தவள். செல்போன் பழுதுபார்க்கும் கடையின் மாடியில் ஒரே ஓர் அறையில் சொந்தமாகக் கம்பெனி நடத்துகிறாள். அவள் செய்த சின்னப் பெட்டி ஒன்று இப்போது தண்ணீர் லாரியில் இருக்கிறது. ஒரு நம்பருக்குப் போன் செய்து வாயால் கேட்டால் போதும், லாரி எங்கே வருகிறது என்று இயந்திரமே பதில் சொல்லும்.

பட்டியலுக்கு இன்னும் எட்டு நாள் இருந்த ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லாரும் கூடி நிற்க வெள்ளோட்டம் நடந்தது. முதல் ஆளாகப் போனை வாங்கினார் கெங்கம்மா.

"லாரி எங்க கீது?"

இயந்திரம் கொஞ்சம் யோசித்தது. "மன்னிக்கவும். கீதா என்ற பெயரில் லாரி எதுவும் இல்லை."

கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் சின்னப்பையன் போனைக் கையில் எடுத்தார்.

"தண்ணி இன்னாத்துக்கு லேட்டு?"

"தயவுசெய்து தமிழில் பேசவும்."

"அப்ப நான் இன்னா, ஜப்பான் பாஷையிலயா பேசிகினு கீறேன்?" என்று சின்னப்பையன் மாயாவைப் பார்த்தார். அடுத்த ஞாயிறு வரை பார்ப்பதாகவும், அப்போதும் இப்படியே என்றால் பெட்டியைக் கழற்றிவிடச் சொல்வதாகவும் அறிவித்துவிட்டுப் போனார். தெருப்பிள்ளைகள் அன்று முழுக்க கெங்கம்மாவை 'கீதாம்மா' என்றே கூப்பிட்டார்கள். இனி அந்த நம்பர் பக்கமே போகமாட்டேன் என்றுவிட்டார் அவர்.

மாடிப்படியில் உட்கார்ந்திருந்த மாயாவின் பக்கத்தில் செங்கொடி போய் உட்கார்ந்தாள். இயந்திரமும் சின்னக் குழந்தை மாதிரிதான் என்று மாயா விளக்கினாள். காதில் விழுந்த பேச்சுதான் அதற்குப் புரியும். இதுவரை அது கேட்டதெல்லாம் அவளுடைய கல்லூரித் தோழிகளின் குரல். நம் ஆட்களின் குரலையும் கேட்கவைத்தால் சரியாகிவிடும்.

திங்கட்கிழமை மாலை ஒலிப்பதிவு. பதிவாகப் போவது குரல் மட்டும்தான் என்றாலும் எல்லாரும் முகம் கழுவி, பவுடர் போட்டு வந்தார்கள். சின்னப்பையன் சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். செங்கொடி கெஞ்சியதால் கெங்கம்மாவும் வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வணக்கம். தண்ணீர் லாரி தற்போது எங்கே வந்துகொண்டிருக்கிறது என்பதை அறிய விரும்புகிறேன்."

மொத்தம் முப்பத்திரண்டு குரல்கள். மாயாவுக்கு ஒரே சந்தோஷம். செங்கொடி ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவள் புருவம் சுருங்கியது.

"அக்கா, இதுல எங்கம்மா எங்க?"

"பதினேழாவது. இப்பதான கேட்ட?"

"அது எங்கம்மா இல்ல, டிவி நியூஸ். எங்கம்மா என்னிக்கு 'அறிய விரும்புகிறேன்'னு பேசிச்சு? மைக்கைப் பாத்ததும் எல்லாரும் நாக்குக்கும் இஸ்திரி போட்டுகினு வந்துட்டாங்க."

மாயா ஹெட்போனை வாங்கிக் கேட்டாள். முப்பத்திரண்டு பேரும் செய்திதான் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"காலேஜ்ல என் பேச்சைக் கிண்டல் பண்ணாங்க. அதனால நானே என்னை மாத்திகினேன்" என்றாள் மாயா மெதுவாக. "மெஷினையும் அப்பிடியே வளத்துட்டேன், பாரு."

மறுநாள், சாதாரணமாகப் பேசுங்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள். அது இன்னும் மோசமாகப் போயிற்று. சாதாரணமாக என்றதும் எல்லாருக்கும் வியர்த்தது. ஒருவர் மைக்கின் முன் நின்று, பேசுவது எப்படி என்பதையே மறந்துவிட்டார்.

அம்மா அம்மாவாகவே பேசுவது எப்போது? இரவு சாப்பிடும்போது செங்கொடி அதையே யோசித்தாள். பள்ளிக்கு வந்தால் அம்மா மிஸ்ஸிடம் அடக்கமாகப் பேசுவார். வேலையிடத்தில் பேச்சே குறைவு. பதில் புதன்கிழமை காலையில் தானாக வந்தது.

அன்று அம்மாவுக்கு மதிய ஷிப்ட். மணி ஏழு நாற்பது. நாற்பது குடங்கள் வரிசையில் நின்றன. லாரியைக் காணோம். வரிசை முழுக்க முணுமுணுப்பு கிளம்பியது. செங்கொடி ஒரே ஓட்டமாக ஓடி, மாயாவைக் கையோடு கூட்டி வந்தாள்.

பிறகு, கவிழ்த்து வைத்திருந்த அண்டாவின் மேல் ஏறி நின்றாள்.

"இந்தப் போன்தான் இப்ப லாரி. லேட்டா வருதுல்ல? ஆசை தீர திட்டுங்க. எல்லாம் பதிவாவும், வாணாம்னா நகந்துக்கங்க."

யாரும் நகரவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செங்கொடியே ஆரம்பித்தாள்.

"ஏ லாரி, எங்க கீற நீ? உன்னால எனக்கு ஒம்பது நாள் ப்ராக்டீஸ் பூட்ச்சு. டீ குடிச்சிகினு குந்திகினு கீறியா?"

கெங்கம்மா மகளையே பார்த்தார். ஒன்பது நாள் கணக்கு அவருக்கு இப்போதுதான் தெரியும். சட்டென்று போனைப் பிடுங்கினார்.

"இன்னா டபாய்க்கிறியா? ஆறு மணிலேர்ந்து கொடத்த வெச்சிகினு நின்னுகினு கீறோம். எங்க கீற, எப்ப வருவ, அத்த மட்டும் சொல்லேன். என் பொண்ணு பந்து ஆட வாணாமா?"

அவ்வளவுதான், அணை உடைந்தது. போன் கை மாறிக்கொண்டே போனது. "நாஸ்டா கூட துண்ணல" என்றது ஒரு குரல். "வூட்டாண்ட ஒரு சொட்டு இல்ல" என்றது இன்னொன்று. சின்னப்பையன் இரண்டு முறை வரிசையில் வந்தார்.

இந்த அமளியில் லாரி வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. ஓட்டுநர் தவசிமுத்து திருநெல்வேலிப் பக்கத்து ஆள். இறங்கி வந்து பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தனக்கும் போனைத் தரும்படி கையை நீட்டினார்.

"எல்லாரும் சேந்து இப்படி ஏசுதீயளே, ரோடு பூரா கண்டெய்னரு நிக்கி. நான் என்ன பறந்தா வர முடியும்?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மாயா அதையும் சேமித்துக்கொண்டாள். ஐம்பத்தாறு குரல்கள், ஒன்றில்கூட இஸ்திரி இல்லை. அடுத்த மூன்று நாளும் அவள் அறைக் கதவு மூடியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கூட்டம். கெங்கம்மா போனைத் தொட மறுத்தார். செங்கொடி நம்பரை அழுத்தி, பேசாமல் அம்மாவின் காதருகே பிடித்தாள்.

"லாரி எங்க கீது?"

வேறு வழியில்லாமல் கெங்கம்மாதான் கேட்டார்.

"தேரடியாண்ட கீது. இன்னும் இருவது நிமிசத்துல வந்துரும்."

கெங்கம்மா போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்தார். "இது நம்ம பக்கத்துப் புள்ள மாதிரி பேசுது" என்றார். சின்னப்பையன் கடிகாரத்தையும் தெருமுனையையும் மாறி மாறிப் பார்த்தார். இருபத்திரண்டாவது நிமிடம் லாரி திரும்பியது. இரண்டு நிமிடத்தை மன்னிப்பதாக அவர் பெருந்தன்மையுடன் அறிவித்துவிட்டு, இந்த யோசனையை எந்தக் காலேஜில் சொல்லிக்கொடுத்தார்கள் என்று மாயாவிடம் விசாரித்தார். மாயா செங்கொடியைக் கை காட்டினாள்.

மறுநாள், திங்கட்கிழமை. அம்மா வேலைக்குக் கிளம்பிய பிறகு செங்கொடி போன் செய்தாள். லாரி கண்டெய்னர் வரிசையில் மாட்டிக்கொண்டிருந்தது, வர எட்டே கால் ஆகும். அவள் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு ஓடினாள். எட்டு மணி வரை ஆடிவிட்டுத் திரும்பி வந்தாலும் நேரம் மிச்சம்தான்.

ஏழுக்கு ஐந்து நிமிடம் இருந்தபோது மைதானத்தில் நின்றவளை ஞானபாக்கியம் மிஸ் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"என்ன செங்கொடி, இன்னைக்கு லாரி சீக்கிரமே வந்துடுச்சா?"

"இன்னும் வரல மிஸ். ஆனா எங்க கீதுன்னு எனக்குத் தெரியும்."

மிஸ் சிரித்துக்கொண்டே பட்டியலில் பெயரை எழுதினார். எதிர்ப்பக்கத்திலிருந்து பந்து பறந்து வந்தது. செங்கொடி எம்பிப் பிடித்தாள்.