ஏழு கோடும் ஒரு கொசுறும்

ஒரு பெண் குழந்தையின் ஏழு வயதும் சேர்த்து முன்னூற்றைம்பதுக்குக் கிடைத்தது. பழைய மரக்கடைக்காரர் ஐந்நூறு என்றுதான் ஆரம்பித்தார். இடித்த வீட்டுக் கதவு நிலை, முற்றிய தேக்கு. வலது காலில் கீழிருந்து மேலே ஏழு பென்சில் கோடுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வயது. அந்தக் கோடுகளைக் காட்டியே, "இது கிறுக்கல் மரங்க" என்று நூற்றைம்பதை உதிர்த்துவிட்டாள் கறார்.

கறார் என்பது தெரு வைத்த பெயர். ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுப்பவள். அளக்கும்போது கட்டைவிரலால் லேசாக இழுத்துப் பிடிப்பாள். மீட்டருக்கு ஒரு விரற்கடை கடைக்கு மிஞ்சும். தான் வாங்கப் போகும் இடத்திலோ, பேரம் முடிந்ததும் உள்ளங்கையை நீட்டி, "கொசுறு?" என்பாள். அன்றைக்கு ஒரு பித்தளைத் தாழ்ப்பாள் கொசுறாக வந்தது.

வீடே அப்படிச் சேர்த்ததுதான். கூடத்தில் மூடிய தியேட்டரின் நாற்காலிகள். சமையலறையில் ஆஸ்பத்திரியின் கண்ணாடி அலமாரி. நிலையை மகளின் அறை வாசலில் பொருத்திய அன்று, மகளை அதில் சாய்த்து நிறுத்தி அளந்தாள். எட்டு வயது, நாற்பத்தொன்பது அங்குலம். மரத்தின் ஏழாவது கோடு நாற்பத்தைந்தில் இருந்தது.

மறுவாரம் ஒரு அம்மாள் மரக்கடையில் விசாரித்துத் தேடிக்கொண்டு வந்தாள்.

"அந்த நிலை எங்க வீட்டுதும்மா. அது எம்பொண்ணு கோடு. ஏழு வயசோட போயிட்டா. நான் ஊர்ல இல்லாதப்ப வீட்ட இடிச்சு வித்துட்டாங்க."

"அடப் பாவமே!" என்றாள் கறார். உள்ளே விலை ஏறிக்கொண்டிருந்தது. "மூவாயிரத்து ஐந்நூறு குடுத்துட்டு எடுத்துக்கங்க. பொருத்துன கூலியே எவ்வளவுன்னு தெரியுமா?"

அந்த அம்மாள் பர்சைக் கவிழ்த்து எண்ணினாள். எண்ணூறுதான் தேறியது. "நீங்களும் பொண்ணு வச்சிருக்கீங்க..."

"அதனாலதாங்க பாத்துச் சொல்றேன். இல்லன்னா நாலாயிரம்."

அந்த அம்மாள் ஏழாவது கோட்டை ஒருமுறை தடவினாள். "சரிம்மா. அப்ப அவ இங்கயே வளரட்டும்."

மூன்றாம் நாள் மாலை வேலையிலிருந்து திரும்பிய கறாரின் மூக்கில், வார்னிஷ் வாடையையும் பழைய மரத்தின் புழுக்கத்தையும் மீறி, அப்போதுதான் சீவிய பென்சிலின் வாசனை ஏறியது. மரத்தில் எட்டாவது கோடு இருந்தது.

"யாருடி கிறுக்குனது?"

"நானில்லம்மா. அந்தப் பாப்பா."

கறார் ஒரு அதட்டல் போட்டுவிட்டு மறந்துபோனாள். அந்த மாதம் மகளின் பள்ளிப் பாவாடை முழங்காலைத் தாண்டித் தொங்கியது. இந்த வருஷம் யூனிபார்ம் செலவு மிச்சம் என்று சந்தோஷப்பட்டாள். பிறகு ஷூ கழன்று விழத் தொடங்கியது. பிறகு குழாயை எட்ட ஸ்டூல் கேட்டாள் மகள்.

டேப்பை எடுத்தாள். நாற்பத்தாறு. வாழ்க்கையில் முதல்முறையாக அளவைத் தாராளமாகத் தளர்த்திப் பிடித்துப் பார்த்தாள். அப்போதும் நாற்பத்தாறுதான். மரத்தில் புதிய கோடு நாற்பத்தெட்டு.

"அந்த அக்கா கோடு போடறப்ப எனக்குக் கால் வலிக்குதும்மா."

"பாப்பான்னு சொன்னே?"

"இப்ப என்னவிட உயரம்மா."

தச்சரை வரவழைத்தாள். நிலைக்காலில் ரம்பம் ஒரு இழுப்பு இழுத்ததும் உள்ளே மகள் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு அலறினாள். ரம்பத்தில் ஒட்டிய மரத்தூள் ஈரமாக, சிவப்பாக இருந்தது. தச்சர் ரம்பத்தை அப்படியே போட்டுவிட்டுப் படி இறங்கினார். கூலி கேட்கவில்லை. கூலி கேட்காத ஆளைக் கறார் அதுவரை கண்டதில்லை. அங்கேதான் அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

அந்த அம்மாள் மரக்கடையில் விட்டுப்போயிருந்த விலாசத்தை வாங்கிக்கொண்டு அவளிடம் ஓடினாள்.

"சும்மாவே எடுத்துக்கங்கம்மா. வண்டிக்கூலியும் நானே தரேன்."

"வேணாம்மா. உங்களுக்கு எதுக்கு நஷ்டம்?" அந்த அம்மாள் சிரித்தாள். அவள் மடியில் ஒரு புதுப் பாவாடை. பெரிய பெண்ணுக்கான அளவு. மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தாள். "இப்பதான் நல்லா வளர்றா."

கறார் திரும்பி வந்தாள். வெயில் இன்னும் சாயவில்லை. வீடு முழுக்கப் பென்சில் வாசனை. மகள் நிலைக்காலில் முதுகு ஒட்டி நின்றிருந்தாள். பாவாடை தரையில் புரண்டது. அவளால் விலக முடியவில்லை. கறார் இழுத்தாள். அசையவில்லை.

டேப்.

முப்பத்தாறு.

மரத்தில் ஐம்பத்தெட்டு. கோடு இன்னும் பளபளத்தது.

கை தானாகக் கணக்குப் போட்டது. மரத்துக்கு வரவு பதின்மூன்று. மகளுக்குச் செலவு பதின்மூன்று. நேர். பேரம் முடிந்தது, இனி எடுக்க ஒன்றுமில்லை. கறார் மூச்சு விட்டாள்.

மகளின் தலைக்கு மேலே, ஐம்பத்தெட்டாம் அங்குலத்துக்குச் சற்றுக் கீழே, தேக்கின் ரேகைகள் மெல்லப் பிளந்தன. பென்சில் கரி படிந்த ஒரு கை வெளியே வந்தது. உள்ளங்கை மேலே பார்த்து விரிந்தது.

"கொசுறு?"