எப்ப வாரீங்க சாமி?

டாக்ஸி ஓட்டும் செல்லமுத்துவுக்கு ஒரு வீம்பு இருந்தது. பெட்ரோல் முள் அடியில் போய் ஒட்டிக்கொண்ட பிறகும் அம்பாஸடர் ஏழு மைல் ஓடும் என்பான். ஓட்டியும் காட்டுவான். வழியில் நின்றுவிட்டால் வருகிற வண்டியை மறித்து, டிக்கியில் சுருட்டி வைத்திருக்கும் ரப்பர் குழாயை அதன் டேங்கில் விட்டு வாயால் உறிஞ்சிக்கொள்வான். பெட்ரோல் நாறும் இந்த வாய்க்குப் பக்கத்தில் இவன் பெண்டாட்டி எப்படித்தான் உட்கார்ந்து சோறு தின்கிறாளோ என்று ஸ்டாண்டில் கேலி பேசுவார்கள்.

அந்த வீம்புதான் 1979 சித்திரையில், உச்சி வெயிலில், அவனை அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

பின் சீட்டில் மனைவி கந்தம்மாள் சுருண்டு கிடந்தாள். தலைப்பிள்ளையும் அடுத்ததும் பிறந்த அன்றே போய்விட்டன. இது மூன்றாவது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, சேலத்துக்குக் கொண்டு ஓடு என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். வையப்பமலைப் பக்கத்து ஊரிலிருந்து புறப்படும்போதே முள் அடியில்தான் இருந்தது. வழியில் இருந்த ஒரே பங்கில் ‘ஸ்டாக் இல்லை’ என்று அட்டை தொங்கியது. ஆட்டையாம்பட்டி வரைக்கும் எப்படியாவது இழுத்துவிடலாம் என்று நினைத்தான்.

“ஏனுங்க, வண்டி கொக்கு கொக்குன்னு இருமுதுங்க” என்றாள் கந்தம்மாள்.

“ஒண்ணுமில்ல. நீ கண்ண மூடிக்க.”

சொல்லி வாய் மூடுவதற்குள் வண்டி இரண்டு முறை உதறி நின்றது.

இன்ஜின் சத்தம் போனதும் எந்தச் சத்தமும் இல்லை. அறுத்துப்போட்ட சோளக்காட்டின் மேல் காற்றுகூட அசையவில்லை. ரோட்டின் இடது கையில் ஓட்டு வீடு ஒன்று. வாசல் நிறையப் பச்சைத் தென்னங்கீற்றுப் பந்தல். அதன் ஓரமாக ஒரு பழைய கறுப்புக் கார் நின்றது. செல்லமுத்துவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கல்யாண வீடு போல, கேட்டால் இல்லை என்றா சொல்வார்கள் என்று குழாயையும் டின்னையும் எடுத்துக்கொண்டு ஓடினான்.

பந்தலுக்குள் பெஞ்சுகள் வரிசையாகப் போட்டிருந்தன. ஈ காக்கை இல்லை. தலைக்குத் தேய்க்கும் அரப்புத்தூளும் ஈரமஞ்சளும் கலந்த வாசம் மூக்கில் ஏறியது.

நடைவாசலில் ஓர் அம்மாள் நின்றிருந்தாள். தலை நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. தாடையைச் சேர்த்து உச்சந்தலையில் முடிச்சு வரும்படி வெள்ளைத் துணி கட்டியிருந்தாள். பாவம், பல்வலி என்று நினைத்துக்கொண்டான்.

“வண்டியில எண்ணெ தீந்துபோச்சுங்க. ஊட்டுக்காரிக்குப் பிரசவ வலிங்க. ஒரு ரெண்டு லிட்டரு எடுத்துக்கட்டுங்களா?”

“எடுத்துக்கங்க சாமி” என்றாள். பல்லைத் திறக்காமல் பேசினாள்.

உறிஞ்சி உறிஞ்சியே பழகிய நாக்கு அது. அன்றைக்கு வாயில் பட்டது பெட்ரோலாகத்தான் இருந்தது, ஆனால் கிணற்றடி மண் போலச் சில்லென்று இருந்தது. காறித் துப்பிவிட்டு டின்னை நிரப்பினான். கந்தம்மாள் அலறுவது ரோட்டிலிருந்து கேட்டது. அவசரமாக மூடியைத் திருகினான்.

எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புகிற பழக்கம் நம் பக்கத்தில் உண்டா? அவன் வாய் தானாகச் சொன்னது.

“வாரேனுங்க.”

“எப்ப வாரீங்க சாமி?”

குரல் பக்கத்தில் கேட்டது. நடைவாசலில் நின்றவள் காருக்கு அருகே நின்றிருந்தாள். நடந்து வந்த சத்தமே இல்லை.

வாரேன் என்று சொன்னால் யாரும் எப்போது என்று கேட்பதில்லை. அதை யோசிக்கிற நிலையில் அவன் இல்லை.

“கொழந்தை பொறந்ததும் மூணு பேருமா வாரோமுங்க.”

அவள் தலையை ஆட்டினாள். டின்னைத் தூக்கக் குனிந்தவன் அவள் காலைப் பார்த்தான்.

இரண்டு பெருவிரல்களையும் சேர்த்துத் துணிக்கிழிசலால் கட்டியிருந்தது.

பந்தக்காலில் வாழைமரம் இல்லை. மாவிலை இல்லை.

இழவு வீட்டில் வாரேன் என்று சொல்லிக் கிளம்பக் கூடாது. யாரும் சொல்லமாட்டார்கள். சிறு பிள்ளைக்கும் தெரியும்.

அவன் சொல்லிவிட்டான். மூன்று பேராக.

எப்படி வண்டியில் ஊற்றினான், எப்படிச் சேலம் போய்ச் சேர்ந்தான் என்பதே அவனுக்கு நினைவில் இல்லை. அன்று சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. ஓங்கி அழுதது. தாயும் பிழைத்தாள். செல்லமுத்து ஆஸ்பத்திரிச் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். பயத்தில் அழுதானா, சந்தோஷத்தில் அழுதானா என்று அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நடந்ததை அவன் கந்தம்மாளிடம் சொல்லவில்லை. அந்த அம்பாஸடரைத் தொடவும் இல்லை. சேலம் ஸ்டாண்டில் கூட்டாளி பெரியசாமியிடம் சாவியைக் கொடுத்துவிட்டான். எட்டாம் நாள் கந்தம்மாளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினான். ஆட்டையாம்பட்டி ரோட்டுப் பக்கமே போகாமல், மல்லூர் வழியாக ராசிபுரம் போகிற பஸ்ஸாகப் பார்த்து ஏறினான். சுற்று வழிதான். சுற்றினால் சுற்றட்டும்.

மல்லூர் தாண்டிக் கொஞ்ச தூரம். நல்ல வெயில். பஸ் இரண்டு முறை உதறியது.

நின்றது.

டிரைவர் இறங்கிப் போய் டேங்கைத் தட்டிப் பார்த்தார். தலையைச் சொறிந்துகொண்டே திரும்பினார்.

“டீசல் சொட்டுக்கூட இல்லீங்க. காலையிலதான் ரொப்புனோம்.”

கண்டக்டர் எல்லோரையும் இறங்கச் சொன்னார். செல்லமுத்து கந்தம்மாளின் கையைப் பிடித்தான்.

“நீ எறங்காத. யாரு கூப்புட்டாலும் எறங்காத.”

அவன் மட்டும் இறங்கி நான்கு பக்கமும் பார்த்தான். வீடு இல்லை. பந்தல் இல்லை. கண்ணுக்கு எட்டிய வரை வெறும் கடலைக்காடு. அப்பாடா என்று மூச்சு விட்டான்.

ஜன்னலில் கந்தம்மாள் குழந்தையோடு எட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்க, அந்தக் காட்டுக்குள்ள ஆருங்க தண்ணி தெளிச்சு வெச்சிருக்கறாங்க?”

திரும்பினான்.

ரோட்டிலிருந்து பத்தடி தள்ளி, காய்ந்து வெடித்த மண்ணில் ஓர் இடத்தை மட்டும் சுத்தமாகக் கூட்டி, சாணி தெளித்திருந்தது. ஈரம் உலரவில்லை. அங்கே பந்தி போடுவது போல வரிசையாக மூன்று வாழையிலைகள் விரித்திருந்தன.

மூன்றாவது இலை உள்ளங்கை அகலம்தான் இருந்தது.