தங்கப் பதக்கமும் ஒரு டப்பா மக்ரூனும்

முத்தையாபுரத்தில் தவசிமுத்துவின் வீட்டைக் கண்டுபிடிக்க அன்னபுஷ்பம் யாரிடமும் விலாசம் கேட்கவில்லை. தெருவில் எல்லா வாசலிலும் ஒன்றிரண்டு பதக்க விளக்குகள் மினுங்கின. ஒரே ஒரு வாசல் மட்டும் கோயில் கொடை மாதிரி ஜொலித்தது. இடுப்பில் குழந்தையும் கையில் ஒரு டப்பா முந்திரி மக்ரூனுமாக அங்கே போய் நின்றாள்.

விடைமன்றம் என்ற இணையத்தளத்தில் யாரும் கேள்வி கேட்கலாம், யாரும் பதில் சொல்லலாம். பதிலைப் படித்தவரின் மனம் உண்மையிலேயே இளகினால், அவர் மணிக்கட்டில் இருக்கும் நெகிழ்மானி அதைக் கண்டுகொண்டு, காரணமானவருக்குப் பதக்கம் அனுப்பிவிடும்; அவர் வாசலில் அதற்கொரு விளக்கு எரியும். பழைய காலத்து லைக் போல இதில் ஏமாற்ற வழியில்லை. மானியே சொல்லிவிடுகிறதே, தனியாக வேறு எதற்கு என்று, யாராவது ‘நன்றி’ என்று எழுதினால் மன்றம் அழித்துவிடும். கொஞ்ச நாளில் வெளியிலும் அந்த வார்த்தை காணாமல் போனது.

போன வருடம், அன்னபுஷ்பத்தின் குறைமாதக் குழந்தை படுத்திருந்த வெப்பத்தொட்டில் திடீரென்று குளிர்ந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வரும்வரை என்ன செய்வது என்று மன்றத்தில் கதறினாள். வெப்பத்தொட்டில் தொழிற்சாலையிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்ற தவசிமுத்துதான் பதில் எழுதினார். ‘தொட்டிலை விடுங்க. பிள்ளையைச் சட்டையில்லாம நெஞ்சோட அணைச்சு, மேல போர்த்திக்கோங்க.’ பிள்ளை பிழைத்தது. அந்த மனிதர்தான் இனிமேல் பதில் எழுதப் போவதில்லை என்று நேற்று அறிவித்திருந்தார்.

கதவு திறந்தது.

“அண்ணாச்சி, நிப்பாட்டப் போறியளாமே?”

“மரத்துப் போச்சும்மா. வெளக்கு எரியுது, எரியுது, எரிஞ்சுகிட்டே இருக்கு. ஒரு மனுசன் மொகத்தை நான் பாத்ததில்ல. சுவத்துக்குப் பதில் சொல்லுத மாதிரி இருக்கு.”

அவள் குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். “இவதான் அண்ணாச்சி, அன்னிக்கு வெப்பத்தொட்டில்ல கெடந்தவ. ஒங்களாலதான் இருக்கா. ரொம்ப நன்றி அண்ணாச்சி.”

குழந்தை அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கியது. தவசிமுத்துவின் கண் கலங்கிவிட்டது. அப்போது அன்னபுஷ்பத்தின் மணிக்கட்டில் மணி அடித்தது. தங்கப் பதக்கம்! ஆயிரத்தில் ஒருவருக்குக்கூடக் கிடைக்காதது. அவளோ மன்றத்தில் ஒரு கேள்விக்கும் பதில் சொன்னவளில்லை.

“இளகுனது நான்லா,” என்று சிரித்தார் தவசிமுத்து. “என் மானிக்கு என்ன தெரியும், ஒனக்கு அனுப்பிருச்சு.”

அன்று மாலையே அவர் மறுபடியும் பதில் எழுத உட்கார்ந்தார். அன்னபுஷ்பத்துக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. நன்றி சொன்னால் தங்கம்! மறுநாள் காலையில் தவசிமுத்துவின் தெருவில் நுழைய முடியவில்லை. ஆளுக்கொரு டப்பா மக்ரூன். “ரொம்ப நன்றி அண்ணாச்சி” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, எல்லோரும் தங்கள் மணிக்கட்டைப் பார்த்தார்கள். அவர் முகத்தைப் பார்த்தவர் யாருமில்லை. ஒருவர் கையிலும் மணி அடிக்கவில்லை. வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள்.

பொழுது சாய்வதற்குள் மன்றம் முழுக்க ஒரே கேள்வியாக இருந்தது: ‘நேரில் போய்ச் சொல்லியும் பதக்கம் வரவில்லை, ஏன்?’

தவசிமுத்து அன்னபுஷ்பத்தை அழைத்தார். “இதுக்கு எனக்குப் பதில் தெரியாதும்மா. தங்கம் வாங்குனவ நீ, நீயே எழுது.”

“எனக்கு மட்டும் என்ன தெரியும்? நான் பதக்கத்துக்கா வந்தேன்? நீங்க நிப்பாட்டிரக் கூடாதேன்னு வந்தேன். வந்த எடத்துல நன்றி சொல்லணும்னு தோணுச்சு, சொன்னேன்.”

“அதையே எழுது.”

வாழ்க்கையிலேயே முதல் முறையாக அவள் ஒரு பதில் எழுதினாள். அதில் ‘நன்றி’ என்ற சொல் இருந்ததால், யாரும் படிப்பதற்கு முன்பே மன்றம் அதை அழித்துவிட்டது.