சுவரோரம்

அந்தக் கை தேடவே இல்லை. அதுதான் அவளை முதலில் உறுத்தியது. புதிதாக ஒரு முதுகைத் தொடும் கை இருட்டில் கொஞ்சம் தடுமாறும், தயங்கும், இங்கேயா அங்கேயா என்று யோசிக்கும். இதுவோ வலது தோள்பட்டைக்கு நாலு விரற்கடை கீழே, தழும்பு தொடங்கும் இடத்தில் நேராக வந்து அமர்ந்தது. பிறகு அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, மடித்துத் தைக்கப்போகும் துணியின் விளிம்பை நீவுவது போல, இடுப்பு வரை மெதுவாக இறங்கியது. தையற்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தனக்கு அப்படி ஒரு தழும்பு இருப்பதையே அவள் கணவரிடம் சொன்னதில்லை.

கல்யாணமாகி மூன்று வாரம். இருவருக்கும் நாற்பதை ஒட்டிய வயது. அக்கா பேசி முடித்த சம்பந்தம், மாப்பிள்ளை தச்சர். இரவில் இருவரும் அடித்துப்போட்ட மாதிரித் தூங்கிவிடுவார்கள். அவருடைய பட்டறை மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை மூடியிருக்கும், முன்னறையில் இருக்கும் அவளுடைய தையல் கடையும் அப்படியே. ஆகவே அவர்களுக்கென்று இருந்தது மதியம்தான். அந்த மதியத்தை இருட்டாக்கியவள் அவளே. கோட்டுக்கு உள்துணியாக வைக்கும் கறுப்புத் துணியை இரண்டு மடிப்பாக மடித்துத் திரை தைத்து, ஓரத்தில் வெளிச்சம் கசியாமல் ஆணியடித்து மாட்டியிருந்தாள்.

முதல் நாளே தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டாள்.

"திரை மூடியிருக்கணும். லைட் போடக் கூடாது. அப்புறம்... என் முதுகுல கை வைக்கக் கூடாது."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. "சரிம்மா. உனக்கு எப்படித் தோணுதோ அப்படி" என்றார். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதே அவளுக்கு இடித்தது. இவ்வளவு நல்ல மனுஷர் இத்தனை வருஷம் ஏன் கல்யாணமாகாமல் கிடந்தார்?

பதினோரு வயதில் கொதிக்கும் தண்ணீர் கவிழ்ந்து வெந்த முதுகு அது. அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே பல்லவி, யார் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள் என்று. அவளும் பார்த்துக்கொண்டாள். தினம் பத்துப் பெண்களுக்கு அளவெடுப்பாள், கூசிக்கொண்டு நிற்பவர்களை "இதுக்கெல்லாம் என்ன வெட்கம், கையைத் தூக்குங்க" என்று அதட்டுவாள். தன் ஜாக்கெட்டை மட்டும் அளவே எடுக்காமல் குத்துமதிப்பாக, கழுத்து வரை ஏற்றித் தைத்துக்கொள்வாள். மூலை உடைந்ததால் கடையிலிருந்து படுக்கையறைக்கு வந்த ஆளுயரக் கண்ணாடியின் மேல் எப்போதும் ஒரு பழைய போர்வை தொங்கும். கட்டிலில் அவளுக்குச் சுவரோரம். சுவருக்கு முதுகைக் கொடுத்து, அவர் பக்கம் முகம் வைத்துப் படுத்தால் யாரும் பின்னாலிருந்து பார்க்க முடியாதல்லவா. முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும்.

வாக்குக் கொடுத்த மனுஷர் வாக்கை மீறிவிட்டார் என்று, அந்தக் கை முதலில் வந்த அன்று அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தேகம்தான் வந்தது. தழும்பின் இடம் அவருக்கு எப்படித் தெரியும்? குளியலறைக் கதவின் இடுக்கில் வெட்டுத்துணியைத் திணித்து அடைத்தாள். ஓர் இரவு முழுக்கத் தூங்குவது போலப் பாவனை செய்துகொண்டு, அவர் போர்வையை விலக்கிப் பார்க்கிறாரா என்று காத்திருந்தாள். அவர் குறட்டை விட்டதோடு சரி. அக்காவுக்குப் போன் போட்டாள்.

"நீ அவர்கிட்ட ஏதாச்சும் சொன்னியாக்கா? என் முதுகைப் பத்தி?"

"நான் ஏண்டி சொல்லப்போறேன்? எனக்கு வேற வேலை இல்லையா? இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி இழுத்துப் போத்திக்கிட்டே இருப்ப? கட்டின புருஷன்தானே, காட்டித் தொலையேன்!"

ஆனால் மறுநாளும் கை வந்தது. அதற்கடுத்த நாளும். சத்தமில்லாமல், மரப்பட்டறையின் வாசனை இல்லாமல், மடித்து வைத்த பழந்துணியின் வாசனையோடு, சற்றே குளிர்ந்து வந்து தழும்பின் ஓரத்தை நீவியது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்: அவளுக்குப் பிடித்திருந்தது. முப்பது வருஷமாக யாரும் தொடாத தோல் அது. பத்தாவது நாள், கடையில் தனியாக நின்று, முதல்முறையாகத் தன் முதுகுக்கு டேப்பை வைத்து அளவெடுத்தாள். கழுத்து இரண்டு அங்குலம் இறங்கிய ஜாக்கெட் ஒன்று தைத்தாள். இந்த மனுஷரை நம்பலாமா என்பது மட்டும் தெரிந்துவிட்டால் போதும், திரையைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று நினைத்தாள்.

அவரோ பகலில் எதுவும் தெரியாதவர் போல இருந்தார். அந்த அப்பாவி முகம்தான் அவளைக் குடைந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் ஒப்புக்கொள்வார், அப்புறம் இருவரும் சிரித்துவிடலாம்.

துணியில் கோடு போடும் நீலச் சாக்பீஸ் இரண்டை நுணுக்கினாள். துண்டில் தூவி, அதன் மேல் மல்லாந்து படுத்து எழுந்தாள். அப்புறம் திரையை இழுத்து மூடிவிட்டு, வழக்கம்போலச் சுவருக்கு முதுகைக் கொடுத்துப் படுத்தாள்.

இருட்டு. மின்விசிறி கறகறவென்று சுற்றியது. அவருடைய வலது கை அவள் கன்னத்துக்கு அடியில், சூடாக, மரத்தூள் வாசனையோடு.

கை வந்தது. ஓரத்தை நீவியது. இறங்கியது.

"அசையாதீங்க" என்று எழுந்தவள், அவரைத் தாண்டிக் குதித்துத் திரையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். ஆணியோடு பிய்த்துக்கொண்டு வந்தது. மதிய வெயில் அறைக்குள் கொட்டியது.

"என்னம்மா? என்ன ஆச்சு?"

"கையைக் காட்டுங்க."

வலது கையை நீட்டினார். சுத்தமாக இருந்தது. இடது கை தலையணைக்கு அடியில்.

"அந்தக் கையையும்."

அவர் முகம் சுருங்கியது. பட்டறையில் அவருக்கு 'எட்டு' என்று பெயர். இழைப்பு மெஷின் இடது கையின் சுண்டுவிரலையும் மோதிர விரலையும் கொண்டுபோயிருந்தது. யாராவது எட்டு என்று கூப்பிட்டால் சிரிப்பார், கை மட்டும் பைக்குள் போய்விடும். இப்போது அதைத் தலையணைக்கு அடியிலிருந்து வெளியே எடுத்தார். மூன்று விரல். நீலம் ஒரு துளி இல்லை.

"இதை உன் மேல படவிடக் கூடாதுன்னுதான் எப்பவும் தலைகாணிக்குக் கீழ வச்சிக்குவேன். உனக்கு அருவருப்பா இருக்குமோன்னு. நீ லைட் வேணாம்னதும் எனக்கு எவ்ளோ நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?"

"அப்போ என் முதுகுல..."

"நீதானே வேணாம்னு சொன்ன? உன் முதுகை நான் தொட்டதே இல்லம்மா."

பொய் சொல்லத் தெரியாத முகம். அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கூடவே சிரிப்பும் அழுகையும் வந்தன. ஆசைப்பட்ட உடம்பு தானாகவே ஒரு கையைக் கற்பனை செய்துகொண்டிருக்கிறது, வேறென்ன? முட்டாள், முட்டாள் என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், கொதிதண்ணீர், அம்மா, கழுத்து ஏறிய ஜாக்கெட்டுகள், எல்லாவற்றையும்.

"காட்டு" என்றார் அவர். "நான் காட்டிட்டேன்ல?"

அவளே போய்க் கண்ணாடியின் மேலிருந்த போர்வையை இழுத்துப் போட்டாள். அவர் எதிரே வந்து நின்று இரண்டு கைகளையும் நீட்டினார். ஐந்தும் மூன்றும். அவள் இரண்டையும் இறுகப் பற்றிக்கொண்டு, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, தலையைத் திருப்பிப் பார்த்தாள். அவர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா? இதுக்கா இந்தப் பாடு?"

இவ்வளவுதான். சுருங்கின தோல், கொஞ்சம் வெளுப்பு. ஊரைக் கூட்டும் அளவுக்கு ஒன்றுமில்லை. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

சிரிப்புப் பாதியில் நின்றது.

முதுகு முழுக்க நீலப் பொடி. அந்த நீலத்தில், தழும்பின் ஓரமாக, தோளிலிருந்து இடுப்பு வரை துடைத்த கோடுகள். எண்ணினாள். ஐந்து.

அவருடைய இரண்டு கைகளும் அவள் கைக்குள்.

வெயில். திறந்த ஜன்னல். பின்னால் யாரும் இல்லை. கண்ணாடியிலும் அவர்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

வலது தோள்பட்டைக்கு நாலு விரற்கடை கீழே தோல் அமுங்கியது. ஒரு குழி. பக்கத்தில் இன்னொன்று. மூன்று. நான்கு. சிறிதாக, சுண்டுவிரல் அளவுக்கு, ஐந்தாவது.

ஐந்தும் மெதுவாக இறங்கத் தொடங்கின.

அவள் கத்த நினைத்தாள். அவளுடைய முதுகோ, பழகிய பழக்கத்தில், அந்தக் கை மேல் மெல்லச் சாய்ந்தது.