பெட்டிக்கு மாலை, ஆட்டுக்குக் கம்பி

வின்சன் மாமா எதையும் திறந்துவைக்காமல் விடமாட்டார். சங்கத் தலைவர் அல்லவா? போன மாதம் கோழிக்கூட்டுக்கே நாடா வெட்டினார்.

இன்று, வவுனியாவிலிருந்து வாங்கிவந்த பெட்டிக்கு விழா. மின்சாரம் திடீரென்று மிஞ்சிப் பாய்ந்தாலும் வீட்டுச் சாமான்களைக் காக்கிற பெட்டியாம். டீவியும் பிறின்சியின் தம்பிக்கு மருந்து கொடுக்கும் மெசினும் அதில்தான் கொழுவியிருந்தன. பெட்டிக்குப் போட்ட பூமாலையை ஆடு தின்னப் பார்த்தது.

"ஆக்கள் வாற நேரம், என்ன மானக்கேடு!" மாமா ஆட்டை இழுத்துப்போய், வீட்டுக்குப் பின்னால் மண்ணில் நின்ற இரும்புக் கம்பியில் கட்டினார்.

பத்து வயதுப் பிறின்சிக்கு விழாவில் மனம் ஒட்டவில்லை. தம்பி மெல்ரொனுக்கு முட்டு வருத்தம். மூச்சு அடைத்தால் அந்த மெசின்தான் மருந்தை ஆவியாக்கிக் கொடுக்கும். காலையிலிருந்தே அவன் நெஞ்சு விசிலடித்தது.

கடல் பக்கம் வானம் கறுத்தது. உடுப்பு எடுக்கப் பின்பக்கம் போனவள் திகைத்து நின்றாள். ஆடு கம்பியையும் இழுத்துக்கொண்டு உலாவியது.

'இந்த எர்த் கம்பி மண்ணுக்குள்ள இல்லாட்டி பெட்டி வெறும் பெட்டிதான்' என்று வயர் வேலை செய்த விஜிதரன் அண்ணை சொல்லியிருந்தார்.

உள்ளே ஓடினாள். மாமா விழா உரையை வாசித்துக்கொண்டிருந்தார். "மாமா, எர்த் கம்பியை ஆடு பிடுங்கிப்போட்டுது! எல்லாத்தையும் கழட்டுவம்!"

"பேச்சுக்கு நடுவில கதைக்காத பிள்ளை. மின்னலே இந்தப் பெட்டியைக் கண்டு பயப்பிடும்."

"ஆடு பயப்பிடேல்லையே, மாமா?"

வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். மாமா அடுத்த பக்கத்தைப் புரட்டினார். "டீவியில மட்டும் கை வைக்காத!"

பிறின்சி சுவிட்சை நிறுத்தி, மெசினைக் கழட்டித் துவாயில் சுற்றி அம்மாவிடம் கொடுத்தாள்.

சற்று நேரத்தில் வீடே வெளிச்சமானது. படார்! டீவி அணைந்து, கரண்டும் போனது. பெட்டியிலிருந்து கருகல் மணம் வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

மெல்ரொன் மூச்சுக்குத் திணறத் தொடங்கினான். அம்மா அவனை நிமிர்த்தி இருத்தி, நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தார். இடி ஓயும்வரை பிறின்சி அவன் கையை விடவில்லை.

தங்கள் வீட்டில் கரண்ட் வராமலே இருக்க, பிறின்சி ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். "பக்கத்து ஜெகதீஸ்வரி மாமி வீட்டில கரண்ட் வந்திட்டுது, அம்மா!"

மாமாதான் மெல்ரொனைத் தூக்கிக்கொண்டு மழை வெள்ளத்தில் ஓடினார். பிறின்சி மெசினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். மாமி வீட்டில் அதைக் கொழுவியதும் 'றீ' என்று இரைந்தது. மெல்ல மெல்லத் தம்பியின் விசில் அடங்கியது.

இரண்டு பக்கம் மீதியிருந்த உரை மாமாவின் சட்டைப் பையில் நனைந்து கிடந்தது.

மறுநாள் விஜிதரன் அண்ணை வந்து கம்பியை ஆழமாக இறக்கி, வயர்களையும் சரிபார்த்தார். மாமா நாடா கொண்டுவரவில்லை. ஆட்டை வேலியில் கட்டினார். பிறகு வானத்தை அண்ணாந்து பார்த்தார். ஒரேயொரு வெள்ளை முகில்.

"பிறின்சி," மெதுவாகக் கேட்டார், "இப்பவே கழட்டுவமோ?"