ஆளுக்கொரு பூட்டு

“இன்னாங்க, லேப்டாப்ப என் மூஞ்சிலயே வைப்பீங்களா?”

நதியா சீறினாள். அமிர்தியிலிருந்து மலையேறிய பேருந்து, மரம் விழுந்து வழி அடைத்ததால் நின்றிருந்தது. வெளியே விடாத மழை... பக்கத்து இருக்கைக்காரன் சன்னலோரம் சிக்னல் தேடிக்கொண்டிருந்தான்.

“மன்னிச்சுக்குங்க... ஆம்புலன்ஸ் புரோகிராம். ஒரே நேரத்துல ரெண்டு போன் வந்தா, ஒரு நோயாளி பேரு காணாம போய்டுது. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணலன்னா, நதியான்னு ஒருத்தங்கள வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்க.”

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. திரையில் இருந்தது மலைமேல் இருக்கும் தன் வீட்டிலிருந்து அவள் எழுதிய நிரல்! அப்படியானால் இவன்தான் காசியா? வேலூர் அலுவலகத்தில் இருந்துகொண்டு, முகம் காட்டாமலே வரிக்கு வரி குற்றம் சொல்லும் சந்தவாசல்காரன்? கண்கள் மட்டும் இவ்வளவு சாதுவாக இருக்கின்றனவே... பாவி!

“அந்த நதியா நான்தாங்க. ஒருத்தர் எழுதறப்போ இன்னொருத்தர் நுழையாம பூட்டு போட்டுத்தான் எழுதியிருக்கேன்.”

அவன் முகம் வெளிறியது. “நான் எழுதுன பகுதிலயும் பூட்டு போட்டிருக்கேங்களே!”

“அப்போ வெக்டர் கடிகாரம் வச்சுப் பாத்துடலாம்!”

நிரலில் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்தான் இழைகள். அந்தக் கடிகாரத்தில் ஒவ்வொரு இழையும் தன் படிகளின் எண்ணோடு, மற்ற இழை எதுவரை வந்ததென்று தான் அறிந்த எண்ணையும் சுமக்கும். பூட்டு கைமாறும்போது அந்த எண்களும் கைமாறும். ஒரே இடத்தில் எழுதிய இரண்டு இழைகளில் எதுவுமே மற்றதை அறியவில்லை என்றால், மோதல் அங்கேதான்.

திரை நகர்ந்தது. வேலை போய்விடுமோ?

பதில் வந்தது. அவன் இழை எழுதியது அவள் இழைக்குத் தெரியவில்லை, அவளுடையது அவனுடையதற்கும். பூட்டியிருந்தார்கள்தான்... ஆளுக்கொரு பூட்டு! ஒருவர் பூட்டு மற்றவரைத் தடுக்கவேயில்லை. அடுத்தவரைக் கேட்டால் கௌரவம் குறைந்துவிடுமே!

ஒரே பூட்டாக மாற்றி, சிக்னல் கிடைத்ததும் அனுப்பினார்கள். ‘தவறு இருவருடையது’ என்று காசியே அடியில் எழுதினான். மேலாளர் ‘சரி’ என்ற பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

“ஆமா, மலைக்கு எதுக்கு வர்றீங்க?”

“உங்களப் பாக்கத்தான்...” அவன் தலை குனிந்தான். “சண்டை போட்டுப் போட்டே உங்க நெனப்பாவே ஆயிட்டேங்க. உங்களப் புடிச்சிருக்குன்னு நேர்ல சொல்லத்தான் லீவு போட்டேன்.”

நதியாவின் கண்கள் கலங்கின. “காலைல நான் வேலூர் ஆபீசுக்குப் போயிருந்தேன். நீங்க லீவுன்னாங்க.”

“அங்க இன்னாத்துக்குப் போனீங்க?”

“சண்டை போடத்தான்னு வூட்ல சொல்லிட்டு வந்தேன்...” அவள் குரல் இறங்கியது. “பொய்.”

பேருந்து மெல்ல நகர்ந்தது. அவள் மடிக்கணினியை மூடி அவன் மடியில் வைத்தாள்.

“இனிமே எங்க போறதா இருந்தாலும் எங்கிட்ட சொல்லிட்டுப் போங்க... நானும் சொல்றேன்.”